பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை

ஜனவரி 6, 2024 (கேள்வி)

வயது 36. எட்டாவது படிக்கும்போதே ஊர் நூலகத்தில் சிறுவர் பகுதியை முடித்துவிட்டுப் பெரியவர்கள் அலமாரிக்குப் போனவன். வீட்டில் புத்தகப் பைத்தியம் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. போன வருடம் புத்தகக் கண்காட்சியில் 4,200 ரூபாய்க்கு வாங்கி வந்தேன், பை பிரிக்காமல் கிடக்கிறது. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று கேள்விப்பட்டுக் கார்த்திகையில் ஆரம்பித்தேன். 19ஆம் நாள் மச்சினன் கல்யாணம், விட்டுப்போச்சு. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

எண்ண வேண்டாம். அந்த 21 உங்களுக்காகப் போட்ட கணக்கே இல்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். மூக்கைத் திருத்திக்கொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரிகிற புது முகம் பழக, குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960ல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. மூக்கும் விழுந்துவிட்டது. 21 மட்டும் ஊர் ஊராகச் சுற்றுகிறது.

லண்டனில் 96 பேரை 12 வாரம் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010ல் அச்சானது. ஒரு காரியம் யோசிக்காமலே கைக்கு வருவதற்கு நடுத்தரமாக 66 நாள். சிலருக்கு 18 போதும், சிலருக்கு 254 வரை இழுக்கும் என்று கணக்கு வந்தது. உங்களுக்கு வேண்டிய சேதி இதுதான்: நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. மச்சினன் கல்யாணத்துக்குத் தைரியமாகப் போயிருக்கலாம்.

ஜனவரி 7

நேற்று எழுதியதை இன்று படித்தால் 21-ஐத் துரத்திவிட்டு அதே நாற்காலியில் 66-ஐ உட்கார வைத்திருக்கிறேன். அந்த ஆய்வில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டதெல்லாம் மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு தம்ளர் தண்ணீர், சாப்பிடும் முன் கொஞ்சம் ஓட்டம், இந்த மாதிரி. தண்ணீர் சீக்கிரம் பழகியது, உடற்பயிற்சிக்கு நாளானது. நாவலுக்கு எத்தனை நாள் என்று அதில் தேடாதீர்கள்.

எனக்கு அதில் பிடித்தது வேறு. எல்லோரும் ஏற்கெனவே செய்கிற ஒரு வேலையோடு புதிதை முடிச்சுப் போட்டார்கள். 'தினமும்' என்று வைத்துக்கொள்ளவில்லை. 'காலைப் பலகாரம் முடிந்த கையோடு' என்று வைத்துக்கொண்டார்கள்.

என் அப்பா விளக்கு வைத்தபின் திண்ணையில் கால் நீட்டி அரை மணி நேரம் படிப்பார். அது ஒரு பழக்கம் என்று அவருக்கே தெரியாது. மழையில் திண்ணை நனைந்தால் அன்று படிப்பு கிடையாது. உள்ளே போய்ப் படிக்கலாம் என்று தோன்றாது. 2003ல் வீட்டை இடித்துக் கட்டினோம். திண்ணை போயிற்று, அந்த இடத்தைக் கார் நிறுத்த விட்டோம். கார் இன்னும் வாங்கவில்லை. அப்பா அதோடு படிப்பதை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்திவிட்டார் என்பதையே ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தோம்.

ஜனவரி 10

நீங்கள் சின்ன வயதில் எப்படிப் பழகினீர்கள் என்று அந்த நண்பர் கேட்டிருக்கிறார். பழகவெல்லாம் இல்லை. கைக்கு எட்டின இடத்தில் அச்சடித்த காகிதம் கிடந்தது, அவ்வளவுதான். கடலை மடித்த பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் படிப்பேன். கொலைச் செய்தியாக இருக்கும், கொலைகாரன் யாரென்று தெரிவதற்குள் கிழிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் பெரிய அத்தை ஒரு வேலை செய்வார். வாரப் பத்திரிகை வீட்டுக்குள் எல்லோர் கையிலும் சுற்றி முடிந்ததும் நடு பின்னை நிமிர்த்தி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி, ஜவுளிக்கடை அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பார். தொடர் முடிந்த வாரம் பெட்டி வெளியே வரும். கோணி ஊசியால் ஓரத்தில் மூன்று துளை. மெழுகு தடவிய நூல். மைதாவைக் காய்ச்சிப் பசை, பூச்சி வராமலிருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். மேலட்டைக்குப் போன வருடக் காலண்டர் படம். அதனால் ஒரு கொலைக்கதைக்குப் பழனி முருகன் அட்டை, குடும்பக்கதை ஒன்றுக்கு டிராக்டர் அட்டை. பக்கத்தின் பின்புறம் பாதி ஜோக்கும் தைல விளம்பரமும் இருக்கும். கதையோடு சேர்த்து அவையும் எனக்கு மனப்பாடம்.

அதில் ஒரு தொடர் 34 வாரம். 17ஆம் வாரம் மட்டும் இல்லை. மாமா பையன் கிழித்துக் கப்பல் விட்டுவிட்டான் என்பது எங்கள் வீட்டு வரலாறு. 16ஆம் வாரக் கடைசியில் கதாநாயகி பெட்டியோடு ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். 18ஆம் வாரம் பெங்களூரில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறாள். கையில் பெட்டி இல்லை! அப்புறம் கதை முடியும்வரை பெட்டியைப் பற்றிப் பேச்சே கிடையாது. எனக்கு அப்போது பதினோரு வயது. அந்த 17ஆம் வாரத்தை மனசுக்குள் எத்தனை விதமாக எழுதிப் பார்த்திருப்பேன்! ஒரு சமயம் திருடன், ஒரு சமயம் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த கிழவி, ஒரு சமயம் அவளே ஓடும் ரயிலிலிருந்து ஆற்றில் எறிந்துவிடுகிறாள். கதை புத்தகமாக வந்திருக்கிறதா என்று பழைய புத்தகக் கடைகளில் எல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை.

கேள்விக்குப் பதில் சொன்னேனா என்று தெரியவில்லை. தூக்கம் வருகிறது.

ஜனவரி 11

4,200 ரூபாயைக் கிண்டல் செய்த மதுரைக்காரருக்கு: வாங்கிக் குவித்துப் படிக்காமல் வைப்பதற்கு ஜப்பானிய மொழியில் 'ட்சுந்தோகு' என்று தனியாகச் சொல்லே இருக்கிறது. அங்கேயும் நம் ஆட்கள்தான். என் அலமாரியில் அட்டை முதல் அட்டை வரை படித்தது இராமபாணப் பூச்சி மட்டும். நாவலில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்திருக்கிறது, ஒரு பக்கம்கூட விடவில்லை. வசம்பைத் துணியில் முடிந்து போட்டிருக்கிறேன், பார்ப்போம்.

பிப்ரவரி 3

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்ததால் எழுதவில்லை.

நானும் படிப்பை விட்டவன்தான். 2018 வாக்கில் ஆரம்பித்தது. புத்தகத்தை எடுத்தால் அரைப் பக்கத்தில் மனசு வேறு எங்கோ போய்விடும், நெற்றி கனக்கும், தூக்கம் சொக்கும். போன்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? கவனம் சிதறுவதைப் பற்றிய கட்டுரைகளாகத் தேடி வாசித்தேன், அதையும் போனில்தான் வாசித்தேன். நோட்டிபிகேஷனை நிறுத்தினேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தேன். மூன்று வருடம் இந்தக் கூத்து. ஒரு புத்தகமும் முடியவில்லை. ஒரு கட்டத்தில், அந்த ஆசை நமக்கு வடிந்துவிட்டது, வயசானால் இப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

2021ல் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. முகூர்த்த நேரத்தைப் பார்க்க அதை நான் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து என் பெண் சிரித்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. "அப்பா, பத்திரிகையை எதிர்வீட்டு மாமாவுக்குக் காட்டறீங்களா?" கையை முழுசாக நீட்டியிருக்கிறேன்!

மறுநாள் கண்ணாடிக்கடை. பிளஸ் 1.50. வெள்ளெழுத்து.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயது ஏற ஏற இறுகிக்கொண்டே வருமாம். கிட்டத்தில் பார்க்க அது வளைந்து கொடுக்க வேண்டும், நாற்பதைத் தாண்டினால் அந்த வளைவு போதாமல் போகும். யாரும் தப்ப முடியாது. என் பாட்டி இதைச் சாளேசரம் என்பார். மராத்தியில் நாற்பதுக்குச் சாளீஸ், வெள்ளெழுத்துக்கும் அதற்குப் போடும் கண்ணாடிக்கும் சாளிஷி. தஞ்சாவூரை மராத்தியர் ஆண்டார்கள் இல்லையா, பாட்டி வாய்ச் சொல்லுக்கு எங்கோ உறவு இருக்கும்.

கண்ணாடி 350 ரூபாய். அன்று ராத்திரி 60 பக்கம் படித்தேன். எழுத்து கறுப்பாக இருந்தது. இதை எப்படிச் சொல்வது? மூன்று வருடமாகச் சாம்பல் நிறத்தில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அது எனக்கே தெரியாது. மூன்று வருடம் போனையும் என் குணத்தையும் திட்டியதற்கு 350 ரூபாயில் வேலை முடிந்தது.

ஆகவே, கேள்வி கேட்ட நண்பரே, பழக்கம், மன உறுதி எல்லாம் அப்புறம். முதலில் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள்.

பிப்ரவரி 5

காட்டிவிட்டு வந்துவிட்டார். இரண்டு கண்ணும் சுத்தமாம், ஒரு குறையும் இல்லையாம். "இப்போது என்ன சொல்கிறீர்கள் அண்ணா?" என்று கேட்கிறார்.

என்ன சொல்வது. 36 வயதுக்காரருக்கு 47 வயதுக்காரன் வைத்தியம் சொன்னால் இப்படித்தான் ஆகும். ஆனால் நாற்பது தாண்டியவர்கள் இதைப் படித்தால் என் பேச்சைத் தள்ளாதீர்கள். இன்று மட்டும் இரண்டு பேர் தனியாக எழுதியிருக்கிறார்கள், அவர்களும் கையை நீட்டித்தான் படிக்கிறார்களாம்.

பிப்ரவரி 18

அவர் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன் (அவர் படிக்கும் இடம்). தம்பி, டியூப்லைட் உங்களுக்கு நேர் பின்னால் சுவரில் இருக்கிறது. உங்கள் தலை நிழல் புத்தகத்தின் மேலே. கட்டிலில் மல்லாந்து படித்தால் கை வலிக்கும், ஒருக்களித்தால் ஒரு பக்கம்தான் தெரியும். ஒரு 9 வாட் எல்இடி பல்பை இடது தோளுக்கு மேலே வருகிற மாதிரி மாட்டுங்கள். சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி. புத்தகம் அந்த நாற்காலியின் மேலேயே கிடக்கட்டும். உட்கார வேண்டுமென்றால் அதைக் கையில் எடுத்துத்தான் ஆக வேண்டும். அலமாரிக்குள் போன புத்தகம் பரணில் போட்ட பாத்திரம் மாதிரி, விசேஷம் வந்தால்தான் இறங்கும்.

போன்? அதுவும் குற்றவாளிதான், நான் மூன்றாம் தேதி சொன்ன அளவுக்கு நிரபராதி இல்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பிரிட்ஜ் மேலே இடம். எழுந்து நடந்து போய் எடுக்கச் சோம்பலாக இருக்கும். என் சோம்பலை நம்பித்தான் நான் இதுவரை சாதித்த எல்லாமே.

மார்ச் 9

பஸ்ஸில் படிக்கலாமே என்று இரண்டு பேர். நான் தினமும் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு வேலைக்குப் போகிறவன். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வரவும் அப்படியே. இதைவிட நல்ல நேரம் யாருக்குக் கிடைக்கும் என்று நானும் புத்தகத்தோடு ஏறினேன். வடுவூர் ஏரி வருவதற்குள் குமட்டல். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நகர்கிறோம் என்கிறது, பக்கத்தைப் பார்க்கும் கண் நகரவில்லை என்கிறது, நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது. ரயிலில் எனக்கு இந்தத் தொல்லை இல்லை. பஸ்ஸில் முடியாதவர்கள் தங்களை நொந்துகொள்ள வேண்டாம், ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். வடுவூரில் சீசனில் பறவையாவது தெரியும்.

அப்புறம் ஒலிப்புத்தகம். கேட்பதும் படிப்பதும் ஒன்றா என்று கீழே அடிதடியே நடந்திருக்கிறது. எனக்கு ஒன்றில்லை. காதில் மாட்டினால் தஞ்சாவூர் வந்து கண்டக்டர் எழுப்பும்வரை தூங்குகிறேன். கேட்பது வாசிப்பில் சேராது என்பதே என் கட்சி.

மார்ச் 10

அவசரப்பட்டுவிட்டேன். துபாயிலிருந்து எழுதிய தம்பி சரியாக மடக்கினார்: திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள், படிப்பவர் ஒருவர், கேட்பது ஊர். டீக்கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். அவர்களிடம் போய் நீங்கள் எதுவும் அறியாதவர்கள் என்று சொல்வீர்களா என்கிறார்.

சொல்லமாட்டேன். ஆனாலும் நான் தூங்குகிறேன், அது உண்மை.

ஏப்ரல் 23

இன்று உலகப் புத்தக தினம் என்று காலையிலிருந்து வாழ்த்துப் படமாக வந்து கொட்டுகிறது. எங்கள் ஊரில் நூலகமே இல்லை, புத்தகம் வாங்கக் காசும் இல்லை, எங்கே போய்ப் பழக்கத்தை வளர்ப்பது என்று ஒரு தங்கை கோபமாகக் கேட்டிருக்கிறார். வாழ்த்துப் படங்களைவிட அது உருப்படியான பேச்சு.

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். 1931ல் மன்னார்குடி அருகே மேலவாசலிலிருந்து புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி ஊர் ஊராகப் போனது. கனகசபைப் பிள்ளை என்பவர் செய்த காரியம். சொல்லிக்கொடுத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். அந்த ரங்கநாதன் அடிப்படையில் கணக்கு வாத்தியார். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, பேச ஆளில்லை, பொழுது போகவில்லை, என்னைக் கல்லூரிக்கே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று பழைய முதல்வரிடம் போய் நின்றாராம். நூலகத் துறைக்கே தந்தை என்று நாம் கொண்டாடும் ஆள்! லண்டனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் ஒட்டிக்கொண்டது. புத்தகம் முதல் வாரம் அலுத்துவிட்டது என்று சொல்பவர்களை நான் அதனால் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது காசு விஷயம். சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948லேயே வந்துவிட்டது. வீட்டு வரி ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. ஆகவே காசு நாம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. ஓட்டலில் பணம் கட்டி டோக்கன் வாங்கிவிட்டுச் சாப்பிடாமல் வருவோமா? பக்கத்து ஊர்க் கிளை நூலகமோ பகுதி நேர நூலகமோ, சேர்ந்துவிடுங்கள். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. பாதிப் பேர் அன்றைக்குத்தான் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, 'எப்பவும் மூடியே இருக்கு' என்பார்கள்.

நூலகப் புத்தகத்தில் இன்னொரு லாபம், திருப்பித் தர வேண்டிய தேதி. சொந்தப் புத்தகம் என்றைக்கும் காத்திருக்கும், அதனால் என்றைக்கும் படிக்கமாட்டோம். பின்னட்டையில் ஒட்டிய சீட்டில் வயலட் மையில் முத்திரை விழுந்துவிட்டால் எனக்கு வயிற்றில் ஒரு சின்ன பயம் வரும், அந்தப் பயத்திலேயே முடித்துவிடுவேன். கடைசி இரண்டு நாளில் 200 பக்கம் படித்ததும் உண்டு.

ஏப்ரல் 24

கையில் போன் மட்டும்தான் என்பவர்களுக்கு: மதுரைத் திட்டம் 1998லிருந்து பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமையான நூல்கள் கிடைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், சாளேசரக்காரர்களுக்கு அதுவே பாதி வைத்தியம். பிப்ரவரியில் போனைத் திட்டியவன் இதை எழுதுகிறேன் என்பது எனக்கும் தெரிகிறது.

மே 27

லீவு விட்டாச்சு, பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். என் தோல்வியைச் சொல்கிறேன். பெண்ணுக்கு ஒரு புத்தகம் முடித்தால் பத்து ரூபாய் என்று அறிவித்தேன். இரண்டே நாளில் எட்டுப் புத்தகம். எல்லாம் 16 பக்கம், பக்கத்துக்கு ஒரு யானைப் படம், ஒரு வரி. எண்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, பெரிய புத்தகத்துக்கு ரேட் என்ன என்றாள். திட்டம் அன்றோடு வாபஸ்.

நடந்தது வேறு விதமாக. ஒரு ராத்திரி அவளுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தேன். பையன் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறான், கயிறு நைந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன். பேசி முடிக்க இருபது நிமிடம். திரும்பி வந்து பார்த்தால் அவளே முடித்துவிட்டு அடுத்த கதையில் இருந்தாள். மறுநாள் வேண்டுமென்றே நல்ல இடத்தில் நிறுத்தி, 'இதோ வரேன்' என்று எழுந்து போனேன். ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள், "யாரும் கூப்பிடலை, சும்மாதான் போறீங்க, எனக்குத் தெரியும்" என்றாள். ஆனால் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

இன்றைக்கு அவளுக்கு வயது 12. நான் வாங்கித் தருவது எதையும் தொடமாட்டாள். நான் வேண்டாம் என்று மேல் தட்டில் வைத்தது ஒவ்வொன்றாகக் குறைகிறது.

ஜூலை 2

ஆரம்பித்த புத்தகத்தை முடித்தே ஆகவேண்டுமா? அமெரிக்காவில் நான்சி பேர்ல் என்ற நூலகர் ஒரு விதி வைத்திருக்கிறார்: 50 பக்கம் படி, பிடிக்கவில்லை என்றால் வை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டால் நூறிலிருந்து வயதைக் கழி, மிச்சம் எவ்வளவோ அவ்வளவு பக்கம் போதும். எனக்கு இன்னும் 50. என் அப்பாவுக்கு 78, அவர் 22 பக்கம் கொடுத்தால் போதும். நூறு வயதில் அட்டையைப் பார்த்தே தூக்கிப் போடலாம்.

அப்பாவிடம் சொன்னேன். "22 பக்கமா? எனக்கு முதல் பாராவுலயே தெரிஞ்சுடும்" என்றார். சொல்ல மறந்துவிட்டேன், அவர் மறுபடி படிக்கிறார். இந்த இழையில் திண்ணையைப் பற்றி எழுதிய பிறகு எனக்கே உறுத்தியது. கார் வராத கார் இடத்தில் ஒரு சிமெண்ட் மேடை போட்டேன், கால் நீட்டுகிற அளவுக்கு. ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாலாம் நாள் விளக்கு வைத்ததும் போய் உட்கார்ந்தார்.

விதிக்கு வருகிறேன். நான் ஒரு நாவலை நாற்பதாம் பக்கத்தில் மூன்று முறை கீழே போட்டிருக்கிறேன், 22 வயதில், 30ல், 38ல். போன வருடம் அதே நாவல், எழுந்து சாப்பிடப் போகவில்லை. அதனால் 'பிடிக்கவில்லை' என்று எழுதி வைக்காதீர்கள், 'இப்போது வேண்டாம்' என்று வையுங்கள்.

ஆகஸ்ட் 19

வருடத்துக்கு 52 புத்தகம் என்று இலக்கு வைத்தவருக்கு: நானும் 2022ல் வைத்தேன். செப்டம்பரில் பின்தங்கினேன். அப்புறம் கடையில் புத்தகத்தின் முதுகைப் பார்த்து, மெலிசாக இருப்பதாகப் பொறுக்க ஆரம்பித்தேன். யானைப் புத்தகம் படித்துக் காசு வாங்கிய பெண்ணுக்கு அப்பன் வேறு எப்படி இருப்பான். டிசம்பரில் 51. அதில் ஏழெட்டுத்தான் நினைவில் இருக்கிறது.

இப்போது கணக்கு வைப்பதில்லை. பஸ் டிக்கெட்டை அடையாளமாகச் செருகி வைப்பேன், அவ்வளவே. பழைய டிக்கெட் மெல்லிசான கலர் தாள், கட்டுக் கட்டாகக் கண்டக்டர் கையில் இருக்கும், எச்சில் தொட்டுக் கிழிப்பார். அது இருபது வருடம் ஆனாலும் அப்படியே இருக்கிறது. போன வாரம் ஒரு கட்டுரைத் தொகுப்பில் ரோஸ் நிறத்தில் ஒன்று அகப்பட்டது, மூன்று மூலையில் கண்டக்டர் கிள்ளிய அடையாளத்தோடு. எந்தப் பயணம் என்று நினைவு வந்தது, புத்தகத்தில் என்ன இருந்தது என்பது வரவில்லை. இப்போதைய மெஷின் டிக்கெட் ஆறு மாதத்தில் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடுகிறது.

அக்டோபர் 6

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். பைக்குள் இருந்த 4,200 ரூபாயில் மூன்று முடித்தாராம். காலையில் பால் காய்ச்சும்போது அடுப்பை விட்டு நகர முடியாது என்பதால் அங்கேயே நின்றுகொண்டு படிக்கிறாராம். பல்பு மாட்டவில்லை, நாற்காலி வாங்கவில்லை. நான் சொன்ன எதையும் செய்யவில்லை! பால் இதுவரை இரண்டு தடவை பொங்கி வழிந்திருக்கிறது, மனைவி எண்ணிக்கொண்டிருக்கிறாராம்.

இன்னொன்று. மார்ச்சில் ஒலிப்புத்தகத்தைப் பற்றி எழுதியதை முழுசாக வாபஸ் வாங்குகிறேன். அம்மாவுக்கு 74. கண்புரை ஆபரேஷன் ஆகியும் பொடி எழுத்து படிக்க முடியவில்லை. பெண் போனில் ஒரு நாவலைப் போட்டுக் கொடுத்தாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிறார், நடுவில் "அவன் பொய் சொல்றான்" என்று போனைப் பார்த்துச் சொல்கிறார். நான் புத்தகத்தைப் பார்த்து அப்படிப் பேசிப் பல வருடம் ஆகிறது.

நவம்பர் 28

இரண்டு நாளாக அடைமழை. சாயங்காலம் கரண்ட் போனது, போனிலும் சார்ஜ் இல்லை. அம்மா கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பரணிலிருந்து அத்தை தைத்த அந்த 34 வாரக் கதையை இறக்கினேன். எமர்ஜென்சி லைட்டை இடது தோளுக்கு மேலே வைத்து வாசிக்க ஆரம்பித்தேன். பசை காய்ந்து உதிர்கிறது, மயில்துத்தம் வேலை செய்திருக்கிறது, ஒரு பூச்சி இல்லை. அப்பா மேடை நனைந்துவிட்டதால் உள்ளே உட்கார்ந்து கேட்டார். பெண் கேட்காத மாதிரி கேட்டாள்.

16ஆம் வாரம் முடிந்தது. பெட்டியோடு கிளம்பிவிட்டாள். நிறுத்தி, "அடுத்த வாரம் இல்லை, என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்றேன்" என்று என் ரயில் கிழவி கதையை எடுத்துவிட்டேன். கிழவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருச்சியில் இறங்கும் இடத்தில் அம்மா குறுக்கே வந்தார்.

"கிழவியும் இல்ல ஒண்ணும் இல்ல. பெட்டி கனமா இருக்குன்னு ஸ்டேஷன் க்ளோக் ரூம்ல போட்டுட்டா. அந்த வாரம் பூரா ரயில் லேட்டு. பெஞ்சுல உக்காந்திருந்தா, காபி குடிச்சா. உங்க அத்தை, இதுக்கு ஒரு வாரமான்னு திட்டினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நாற்பது வருடம் கழித்து எனக்கு இது தேவையா? சரி, கப்பல் விட்டவனையாவது திட்டலாம் என்று மாமா பையன் பேரை எடுத்தேன்.

"அவன் எங்கடா விட்டான்? அன்னிக்கும் இப்படித்தான் மழை. வாசல்ல தண்ணி ஓடுது, நீதான் பெட்டியைக் கவுத்து ஒரு தாளை எடுத்துட்டு ஓடினே. அஞ்சு வயசு உனக்கு. அத்தை அடிப்பாங்கன்னு நான்தான் அவன் பேரைச் சொல்லி வெச்சேன்."

பெண் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மாமா பையனுக்கு இப்போதே போன் பண்ண வேண்டும், சார்ஜ் இல்லை.